பதற்றமும் பேனிக் அட்டாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பதற்றம் கூடவே இருக்கிறது. முதல் பேனிக் அட்டாக் 23 வயதில் வந்தது. இப்போது வயது 49. நடுவில் பதினோரு வருடம் லிஃப்டில் கால் வைத்ததில்லை, தனியாகப் பயணம் போனதில்லை. இன்று இரண்டும் செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதை அனுபவித்து, சிகிச்சை எடுத்து, கிடைத்ததையெல்லாம் படித்து, இதே தொல்லையில் இருப்பவர்களோடு வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பவள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. மருந்தைப் பற்றிய முடிவை மட்டும் உங்கள் மருத்துவரோடு பேசி எடுங்கள்.

பதற்றம் எல்லாருக்கும்தானே இருக்கிறது? இதை ஏன் வியாதி என்கிறீர்கள்?

தேர்வு நாளில் வயிற்றைக் கலக்குவதும், வீட்டுக்கு வரவேண்டியவர் வர நேரமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதும் வியாதி இல்லை. தேர்வு முடிந்ததும், ஆள் வந்து சேர்ந்ததும் அது போய்விடும். வியாதியாகிவிட்ட பதற்றம் அப்படிப் போகாது. ஒரு கவலை தீர்ந்த அரைமணி நேரத்தில் அடுத்ததைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், அடக்க முடியாத கவலை; அதோடு தூக்கக் கேடு, களைப்பு, எரிச்சல், கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது, எதிலும் கவனம் நிற்காமை. இவை சேர்ந்திருந்தால் பொதுவான பதற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்வார்கள்.

சிறு வயதில் நான் ‘பயந்த சுபாவம்’ என்று பெயர் வாங்கியவள். அது சுபாவம் என்று நம்பியதால்தான் இருபது வருடம் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் பதற்றக் கோளாறுகளோடு இருந்தவர்கள் 30.1 கோடிப் பேர். மனநலக் கோளாறுகளில் இதுதான் மிக அதிகம். சிகிச்சை கிடைப்பதோ நான்கில் ஒருவருக்குத்தான்.

பேனிக் அட்டாக் என்றால் என்ன? வெறும் படபடப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வேகத்தில்தான் முதல் வேறுபாடு. கவலை மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். அட்டாக் திடீரென்று வந்து, சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம், அரைமணி நேரத்துக்குள் தணிவு. நெஞ்சு படபடப்பு, மூச்சு அடைப்பது, நெஞ்சு வலி, வியர்வை, நடுக்கம், குமட்டல், தலை கிறுகிறுப்பு, கைகால் மரத்துப்போவது, உடம்பு சில்லிடுவது அல்லது தகிப்பது, சுற்றியிருப்பதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப்புறம் நடப்பதுபோல் தோன்றுவது, செத்துவிடுவோம் அல்லது புத்தி பேதலித்துவிடும் என்ற திகில். இப்படிப் பதின்மூன்று அறிகுறிகளை மருத்துவ நூல்கள் பட்டியலிடுகின்றன. அவற்றில் குறைந்தது நான்கு சேர்ந்து வந்தால் அது பேனிக் அட்டாக்.

என் முதல் அட்டாக் வந்தபோது மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் புத்தகத்தில் எண்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கவலையும் இல்லாத மதியம். ஒரு 7 எழுத ஆரம்பித்தேன். அதன் வால் நேராகப் பக்கத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கை என் கையாக இல்லை. காதுக்குள் இதயம் அடித்தது. ‘இதோ, உயிர் போகிறது’ என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. அந்தப் பக்கத்தை நெடுநாள் வைத்திருந்தேன். எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ நடந்த அந்தச் சமாச்சாரத்துக்கு வேறு சாட்சியே கிடையாது.

ஒருமுறை அட்டாக் வந்துவிட்டால் அது கோளாறு ஆகிவிடாது. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, ‘அடுத்தது எப்போது வருமோ’ என்ற பயம் ஒரு மாதமாவது நீடித்தாலோ, அதற்குப் பயந்து நடப்பையே மாற்றிக்கொண்டாலோதான் பேனிக் கோளாறு என்பார்கள்.

இது மாரடைப்பு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் தடவையாக இருந்தால் தெரிந்துகொள்ள முயலாதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பினால் அதில் வெட்கப்பட எதுவும் கிடையாது.

பொதுவாக, மாரடைப்பில் நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். அது இடது கை, தாடை, முதுகுக்குப் பரவலாம். நடந்தால், படி ஏறினால் கூடும். பேனிக்கில் வலி பெரும்பாலும் சுருக்கென்று ஓரிடத்தில் குத்தும், நேரம் போகப் போகத் தணியும். ஆனால் இந்த இரண்டும் ஒன்றைப்போல ஒன்று வேஷம் போடக்கூடியவை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வழக்கமான வலி இல்லாமல் மூச்சுத் திணறலாக, குமட்டலாக, வெறும் அசதியாகக்கூட வரும். ஏற்கெனவே பேனிக் இருக்கிறது என்பதற்காக, புதிதாக வந்த, பழக்கமில்லாத வலியை அலட்சியம் செய்யக் கூடாது.

தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, இரத்தச் சர்க்கரை இறங்குவது ஆகியவையும் இதேபோன்ற படபடப்பைக் கொடுக்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். ஒருமுறை முழுதாகச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். பிறகு அதே சோதனையை மாதாமாதம் செய்யாதீர்கள். நான் ஒன்றரை வருடத்தில் ஆறு ஈசிஜி எடுத்தவள். ஒவ்வொன்றும் கொடுத்த நிம்மதி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஆறாவதை எடுத்த மருத்துவர், “உங்கள் இதயத்துக்கு ஒன்றுமில்லைம்மா. அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். அப்போதும் என் இரண்டு விரல் கழுத்து நாடியின் மேல்தான் இருந்தது.

அந்த நேரத்தில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டதுதான் எனக்குப் பாதி மருந்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் சுரக்கிறது. எதிர்த்து நில் அல்லது ஓடு என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915 வாக்கில் விவரித்தார். ஓடுவதற்குத் தசைக்கு இரத்தம் வேண்டும், ஆகவே இதயம் வேகமாக அடிக்கிறது. பிராணவாயு வேண்டும், மூச்சு வேகமாகிறது. உடம்பு சூடாகும், வியர்த்துக் குளிரச் செய்கிறது. இந்த நேரத்தில் செரிமானம் முக்கியமில்லை, வயிறு பிசைகிறது. ஒவ்வொன்றும் உங்களைக் காப்பாற்ற நடப்பது. ஆனால் எதிரில் புலி இல்லை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓடாத உடம்பில் ஓட்டத்துக்கான ஏற்பாடெல்லாம் நடக்கிறது.

அடுத்தது மூச்சு. தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், அதுதான் கிறுகிறுப்பு. இரத்தத்தின் வேதிச் சமநிலை மாறி நரம்புகள் துடிப்பாகும். அதுதான் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் வரும் குறுகுறுப்பு, சிலருக்கு விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்வது. வேடிக்கை என்னவென்றால், மூச்சு போதவில்லை என்று தவிக்கும் அந்த நிமிடத்தில் உங்கள் இரத்தத்தில் பிராணவாயு போதுமான அளவு இருக்கிறது. இன்னும் இழுக்க இழுக்கத் தவிப்புதான் கூடும்.

மூன்றாவதுதான் நெருப்பில் எண்ணெய். இந்த மாற்றங்களை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பது. ‘இதயம் வேகமாக அடிக்கிறது, மாரடைப்பு’ என்று படித்தால் அதுவே புதிய ஆபத்துச் செய்தி. இன்னும் அட்ரினலின், இன்னும் வேகம். உடம்பின் சாதாரண மாற்றத்தை விபரீதமாகப் பொருள் கொள்வதே பேனிக்கைச் சுழலவைக்கிறது என்று ஆங்கிலேய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதேதான். இங்கே இருட்டு நம் உடம்புக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்குப் பெரிய ஆறுதல் கொடுத்த விஷயம். மூளையில் அமிக்டலா என்ற பகுதி பயத்தின் மையம் என்று கருதப்படுகிறது. நோயால் அந்தப் பகுதி இரு பக்கமும் சிதைந்துபோன, வெளியுலகின் எதற்கும் அநேகமாகப் பயமே வராத மூன்று பேருக்கு, மூச்சு முட்டவைக்கும் அளவுக்கு 35 சதவீதம் கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. மூன்று பேருக்கும் பேனிக் அட்டாக் வந்தது. பாம்புக்குப் பயப்படாதவர்களையும் பிடிக்கும் அளவுக்கு ஆழத்தில் இருக்கும் உடம்பின் அலாரம் இது. இது வந்ததால் நீங்கள் கோழை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மயங்கி விழுந்துவிடுவேனா? பைத்தியம் பிடித்துவிடுமா?

மயக்கம் பெரும்பாலும் இரத்த அழுத்தம் சட்டென இறங்குவதால் வருவது. பேனிக்கில் அழுத்தமும் துடிப்பும் ஏறுகின்றன. அதனால் விழுந்துவிடுவோம் என்று தோன்றுமே தவிர, விழுவது அரிது. ஒரு விதிவிலக்கு: இரத்தம், ஊசி, காயம் இவற்றைக் கண்டால் பயப்படுபவர்கள். அவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறிப் பிறகு சரிந்து, நிஜமாகவே மயக்கம் வரும். அவர்கள் கைகால் தசைகளை இறுக்கிப் பிடிக்கப் பழகினால் அழுத்தம் விழாமல் நிற்கும்.

பேனிக்கால் யாருக்கும் பைத்தியம் பிடிப்பதில்லை. எல்லாம் கனவுபோல், நான் நானாக இல்லாததுபோல் தோன்றுவது மிகையான விழிப்பின் விளைவு. பயங்கரமாக இருக்கும். ஆபத்தில்லை, போய்விடும்.

அட்டாக் வந்துகொண்டிருக்கும்போது என்ன செய்வது?

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். மற்ற இடங்களில், இருக்கும் இடத்திலேயே இருங்கள். ஓடாதீர்கள்.

பெயரைச் சொல்லுங்கள்: ‘இது பேனிக். முன்பும் வந்தது. போய்விடும்.’ உரக்கச் சொன்னாலும் சரி. தோளைக் கீழே விடுங்கள். ஆழ்ந்து மூச்சு இழுக்கச் சொல்லிப் பக்கத்திலிருப்பவர்கள் பதறுவார்கள், அதைக் கேட்காதீர்கள். இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். மூக்கால் மெதுவாக நாலு எண்ணும்வரை, வாயால் ஆறு எண்ணும்வரை. சூடான பானத்தை ஊதி ஆற்றுவதுபோல மெல்ல விடுங்கள். பெரிய மூச்சு வேண்டாம், சின்ன மூச்சே போதும்.

அதன்பிறகு செய்யவேண்டியதுதான் கடினம்: எதுவும் செய்யாமல் இருப்பது. அதை அடக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றால் அந்த மல்லுக்கட்டே இன்னொரு ஆபத்துச் செய்தி ஆகிவிடும். நடுங்கும் கையை நடுங்கவிடுங்கள். இதயம் அடிக்கட்டும். நான் ஒரு காலத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அட்டாக் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது உச்சத்துக்குப் போனது, எப்போது இறங்கியது என்று சின்ன நோட்டில் குறித்து வந்தேன். பதினாலு அட்டாக்குகளைக் குறித்த பிறகு பார்த்தால் ஒன்றுகூட ஒன்பது நிமிடத்துக்குமேல் ஏறிக்கொண்டே போகவில்லை. ‘முடிவே இல்லாமல் போகும்’ என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய விஷயம்.

தணிந்ததும், செய்துகொண்டிருந்த வேலையை மறுபடி கையில் எடுங்கள், பாதி மனத்தோடாவது.

காகிதப் பைக்குள் மூச்சு விடலாமா?

வேண்டாம். அது பழைய யோசனை. வந்திருப்பது பேனிக் இல்லாமல் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ ஆக இருந்தால், பிராணவாயு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுப்புகிறதே, கெட்ட கனவா?

கனவு இல்லை. இரவுப் பேனிக் பெரும்பாலும் கனவு இல்லாத தூக்கத்தில், லேசான உறக்கம் ஆழ்ந்த உறக்கமாக மாறும் கட்டத்தில் வருகிறது. பேனிக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். சிகிச்சை பகலில் வருவதற்கு எதுவோ அதேதான். குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்திருந்தால் அதைத் தனியே சோதித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்து வாழ்க்கையால் வந்த வியாதியா இது?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறலோடு வந்த படைவீரர்களைச் சோதித்து, இதயத்தில் பழுதே காணமுடியாமல், ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று பெயரிட்டு ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் கட்டுரை எழுதினார். அவர் விவரித்தவற்றில் பெரும்பகுதி இன்று நாம் பேசும் அறிகுறிகள்தான். பேனிக் கோளாறு என்ற தனிப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் ஏறியது. பெயர் புதிது. ஆள் பழைய ஆள்.

எனக்கு மட்டும் ஏன்? பரம்பரையா, வளர்ப்பா?

இரண்டும் கலந்து. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் பரம்பரையின் பங்கை 40 சதவீதம் வாக்கில் காட்டுகின்றன. மீதி, சிறு வயதில் இழந்தது, பட்டது, பார்த்தது, எப்போதும் ஆபத்தையே பேசும் வீட்டில் வளர்ந்தது, உடல் நோய், நீண்ட நாள் மன அழுத்தம் என்று பல. பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

நான் என் அம்மாவை நெடுநாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கும் இது இருந்தது என்பது அவர் போன பிறகுதான் விளங்கியது. பேருந்தில் எப்போதும் படிக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார். காற்று வேண்டும் என்பார். காரணத்தைத் தோண்டித் துருவிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தீ எப்படிப் பற்றியது என்று தெரியாமலேயே அணைக்கலாம்.

வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். போகாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கிறதே, அதில் என்ன தப்பு?

நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான். அட்டாக் உங்கள் வாழ்க்கையில் எடுத்துக்கொள்வது வாரத்துக்கு இருபது நிமிடம். அது வராமல் இருக்க நீங்கள் செய்யும் காவல், மீதி நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

லிஃப்டில் அட்டாக் வந்தது, படியில் ஏறினேன். நிம்மதி. அந்த நிம்மதிதான் தூண்டில் முள். ‘லிஃப்டில் ஏறாததால்தான் பிழைத்தாய்’ என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்து, மூடிய அறைகள். அடுத்து, கூட்டம். அடுத்து, வீட்டிலிருந்து தூரம். ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றியது. ஒருநாள் கணக்குப் பார்த்தால், யார் துணையும் இல்லாமல் நான் போகக்கூடிய இடம் வீட்டைச் சுற்றி நடந்தே போகும் நாலு தெருவாகச் சுருங்கியிருந்தது.

போகாமல் இருப்பது ஒன்று. போனாலும் ஆயிரம் பாதுகாப்போடு போவது இன்னொன்று. அது கண்ணுக்குத் தெரியாது. வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவது, தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் கிளம்பாதது, நாடி பிடித்துப் பார்ப்பது, பக்கத்தில் மருத்துவமனை எங்கே என்று முதலிலேயே தேடிவைப்பது, செல்பேசியில் யாரையாவது பேச்சில் வைத்துக்கொண்டே நடப்பது. என் பர்ஸில் நாலு மாத்திரை உள்ள ஒரு அட்டை இருந்தது. அவசரத்துக்கு. ஆறு வருடம் அதை ஒருமுறையும் பிரிக்கவில்லை. விரலால் தடவித் தடவி அட்டையில் அச்சிட்டிருந்த பெயரே அழிந்துபோனது, வெள்ளித்தாள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. காலாவதி தேதி எப்போதோ கடந்திருக்கும். விழுங்கவே செய்யாத மாத்திரைக்கு நான் அடிமையாக இருந்தேன். அதை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போன முதல் நாள், என் சிகிச்சையிலேயே மிகக் கடினமான நாள்.

எந்தச் சிகிச்சைக்குப் பலன் அதிகம்?

நிறைய ஆய்வுகளில் தேறியது சிபிடி என்று சொல்லும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பொதுவாக வாரம் ஒரு சந்திப்பாக மூன்று, நான்கு மாதம். பேசி அழுது ஆறுதல் பெறுவது அல்ல அது. வீட்டுப்பாடம் உள்ள சிகிச்சை. என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்பதை எழுதிவைத்து, அந்தச் சூழ்நிலைக்குள் போய், நடந்ததா என்று பார்ப்பது.

எளிதானதில் தொடங்கிக் கடினமானதுவரை படிப்படியாக ஏறுவதால் இதை ஏணி என்போம். என் லிஃப்ட் ஏணி இப்படி இருந்தது. முதல் படி: லிஃப்டுக்கு எதிரே பத்து நிமிடம் நிற்பது, கதவு திறந்து மூடுவதைப் பார்ப்பது. அவ்வளவுதான். அதற்கே உள்ளங்கை வியர்த்தது. இரண்டாவது: கதவு திறந்திருக்கும்போது உள்ளே போய் வெளியே வருவது. மூன்றாவது: ஆலோசகரோடு ஒரு மாடி. நான்காவது: அதே ஒரு மாடி, தனியாக, அவர் மேலே காத்திருப்பார். ஐந்தாவது: யாரும் காத்திராமல். இப்படிப் பன்னிரண்டு படி, எட்டு மாதம். ஒவ்வொரு தடவையும் முன்னால் எழுதுவேன்: ‘கதவு திறக்காது, மூச்சு முட்டிச் சாவேன்.’ பின்னால் எழுதுவேன்: ‘கதவு திறந்தது. மூச்சு முட்டியது. சாகவில்லை.’ பயம் குறையும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று முன்பு வற்புறுத்துவார்கள். பயம் குறையாவிட்டாலும் எதிர்பார்த்த விபரீதம் நடக்கவில்லை என்பதை மூளை கற்றுக்கொண்டால் போதும் என்ற பார்வை இப்போது வலுத்திருக்கிறது. என் அனுபவமும் இரண்டாவதையே சொல்கிறது.

பேனிக்குக்கென்றே இன்னொரு பயிற்சி உண்டு: பயப்படும் உடல் உணர்ச்சிகளை வேண்டுமென்றே வரவழைப்பது. நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, சுழல்நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்குவது. கிறுகிறுப்பை நானே வரவழைத்து நானே போகவிட்டபோது அதன்மேல் இருந்த திகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விடமுடியாதாமே?

இரண்டு வகை மருந்துகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது.

முதல் வகை செர்ட்ரலின், எஸ்சிடாலோப்ராம், பாராக்சிடின் போன்றவை. மனச்சோர்வு மருந்து என்று பெயர் இருந்தாலும் பேனிக்குக்கும் பதற்றத்துக்கும் முதலில் தரப்படுபவை இவைதான். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடவும் செய்யலாம்; அதனால்தான் நல்ல மருத்துவர்கள் சின்ன அளவில் தொடங்குவார்கள். இதைச் சொல்லாமல் கொடுத்தால் நோயாளி நாலாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். குமட்டல், தூக்க மாற்றம், பாலுறவில் நாட்டம் குறைவது ஆகியவையும் வரலாம். கூச்சப்படாமல் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். இவை போதைபோல ஏங்கவைப்பதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரும்.

இரண்டாவது வகை அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம். அரைமணி, ஒருமணி நேரத்தில் அமைதி கிடைக்கும். அதனாலேயே பழக்கமாகும். வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் உடம்பு அதைச் சார்ந்துகொள்ளும். நெடுநாள் எடுத்தவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மட்டுப்படுத்தும். அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

மருந்து எடுப்பது தோல்வி என்று நினைக்கிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. இரண்டு வருடம் எஸ்சிடாலோப்ராம் எடுத்தேன். அது இல்லாவிட்டால் அந்த ஏணியின் முதல் படியில்கூட நின்றிருக்க மாட்டேன்.

காபி, மது, உடற்பயிற்சி, தியானம்?

காஃபின் பேனிக் உள்ளவர்களை மற்றவர்களைவிட அதிகமாக உசுப்பும். அளவைக் குறைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். மது அன்றிரவு அமைதி தரும். இறங்கும்போது வட்டியோடு வாங்கிக்கொண்டு போகும். பதற்றத்துக்காகக் குடிக்க ஆரம்பித்து இரண்டு வியாதியோடு வந்து நின்றவர்களை நான் அறிவேன்.

வேர்க்க விறுவிறுக்க நடப்பதும் ஓடுவதும் உண்மையிலேயே உதவும். இதயம் வேகமாக அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்புக்கே கற்றுத்தருகிறது. தியானம் பலருக்கு நல்லது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பதற்றம் கூடும், எனக்குக் கூடியது. கண் திறந்து, நடந்துகொண்டே செய்து பாருங்கள்.

வீட்டில் ஒருவருக்கு இது இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

“ஒன்றுமில்லை, தைரியமாக இரு” என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவருக்கு ஒன்றுமில்லை என்பது தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை என்பதுதான் அவர் கஷ்டமே. அட்டாக் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். குறைவாகப் பேசுங்கள். “நான் இங்கேதான் இருக்கிறேன். நேரம் ஆகட்டும்.” போதும்.

இன்னொன்று கேட்கச் சங்கடமாக இருக்கும். அன்பால் நீங்கள் அவருக்காகச் செய்துகொடுப்பவை, அதாவது எல்லா இடத்துக்கும் துணைக்குப் போவது, கேட்கும்போதெல்லாம் “உனக்கு ஒன்றும் ஆகாது” என்று உறுதி சொல்வது, இவையும் அந்தக் காவலின் பகுதிதான். ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், அது கொடுமை. சிகிச்சையில் இருப்பவரோடு பேசி, அவர் சம்மதத்தோடு ஒவ்வொன்றாக விலக்குங்கள். என் கணவர் பதினோரு வருடம் என் கூடவே வந்தவர். ஆலோசகர் சொன்ன பிறகு ஒருநாள் தெருமுனையில் நின்றுகொண்டு, “நீ போய்ட்டு வா, நான் இங்க நிக்கிறேன்” என்றார். திரும்பிப் பார்த்தபோது அவர் முகம்தான் என்னைவிட வெளிறிப்போயிருந்தது.

செத்துவிடலாம்போல் இருக்கிறது என்று அவர் சொன்னால் அதைப் பேச்சாக விடாதீர்கள். தனியாக விடாமல் அன்றே மருத்துவ உதவிக்குக் கூட்டிப்போங்கள்.

முழுக்கக் குணமாகுமா? மறுபடியும் வந்துவிட்டால்?

சிகிச்சை எடுத்தவர்களில் பலருக்கு அட்டாக் அடியோடு நின்றுவிடுகிறது. சிலருக்கு எப்போதாவது எட்டிப்பார்க்கும். என்னைப்போலச் சிறு வயதிலிருந்தே பதற்றத்தோடு வளர்ந்தவர்களுக்கு, கொஞ்சம் அதிகமாகக் கவலைப்படும் மனம் கடைசிவரை இருக்கலாம். அதோடு வேலை பார்க்கலாம், பிள்ளை வளர்க்கலாம், ஊர் சுற்றலாம்.

தூக்கம் கெட்ட நாட்களில், நோயில் விழுந்து எழுந்தபின், பிரசவத்துக்குப் பின், துக்கத்தில் அது திரும்பிவரக்கூடும். அப்பா இறந்தபோது எனக்கு நாலு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பியது. எல்லாம் வீண் என்று அழுதேன். பிறகு பழைய நோட்டை எடுத்து ஏணியின் இரண்டாவது படியிலிருந்து ஆரம்பித்தேன். முதல் முறை எட்டு மாதம் எடுத்தது, இம்முறை மூன்று வாரம்.

இந்த வருடம் ஒருமுறை வந்தது. ஏழாவது மாடிக்குப் போகும் லிஃப்டில், மூன்றாவது மாடி தாண்டியதும். விரல் நுனி குறுகுறுத்தது, காதுக்குள் இதயம் அடித்தது. தோளைக் கீழே விட்டேன். நான்கு, ஐந்து, ஆறு என்று எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. இறங்கி, போக வேண்டிய அறைக்குப் போய், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.